நண்பருக்கு விட்ட வீடு: சட்டம் முதலில் கேட்கும் கேள்வி

2014-இல் அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. திருச்சி உறையூரில் இருந்த எங்கள் வீட்டை என்ன செய்வது என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. பூட்டிப்போட்டால் கரையான் அரித்துவிடும், தெரியாதவர்களுக்கு விட்டால் சுவரெல்லாம் ஆணி அடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. அப்பாவோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி விசாரித்தவர். அவர் முன்பணமாக 20,000 ரூபாயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமாடா?" என்று கேட்டார். மறுத்தது அப்பாதான். "நமக்குள்ள எதுக்குடா பத்திரம்?" என்றார். மாதம் 4,000 ரூபாய் என்று வாயால் பேசிச் சாவியைக் கொடுத்தார்.

2020 கடைசியில் அப்பா ஓய்வு பெற்றார். அடுத்த வருடத் தொடக்கத்தில் வீட்டைக் கேட்டபோது, "பையன் பிளஸ் டூ முடிக்கட்டும்டா" என்றார் மாமா. நியாயமாகத்தான் பட்டது. பையன் முடித்தான். பிறகு பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், இந்த நேரத்தில் வீடு மாறினால் நன்றாக இருக்காது என்றார்கள். ஆகஸ்டிலிருந்து வாடகை நின்றது. அப்புறம் போனை எடுப்பதும் நின்றது. உறையூரில் சொந்த வீடு இருக்க, அப்பாவும் அம்மாவும் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அப்பாவுக்குப் பணம் போனதைவிட, கடைத்தெருவில் அவரைப் பார்த்தும் பார்க்காமல் போக வேண்டியிருந்ததுதான் பெரிய வலி.

அந்தச் சமயத்தில் நாங்கள் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நண்பருக்கோ உறவினருக்கோ வீட்டை விட்டுவிட்டுத் தவிக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே நிலைமைதான். எல்லாரும் ஆரம்பிக்கிற இடமும் ஒன்றுதான்: "காலி பண்ண மாட்டேங்கிறார், என்ன செய்யலாம்?" நாங்களும் வழக்கறிஞரிடம் அப்படித்தான் ஆரம்பித்தோம். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கேட்டார்: "உள்ள வந்தப்போ அவர் என்னவா வந்தார்?"

விருந்தாளியா, வாடகைதாரரா, போக்கியத்துக்கு வந்தவரா? சட்டம் முதலில் பார்ப்பது இதைத்தான். அவரை வெளியேற்றும் வழி, எந்த நீதிமன்றம், எவ்வளவு நாள் முன்னறிவிப்பு எல்லாமே இந்த ஒரு பதிலில் தொங்குகின்றன. நண்பர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளவே கேட்டுக்கொள்ளாத கேள்வியும் இதுதான். சிக்கல் அவர் "மாட்டேன்" என்று சொன்ன நாளில் பிறப்பதாக நாம் நினைக்கிறோம். சாவி கைமாறிய நாளிலேயே அது பிறந்துவிடுகிறது என்பது எனக்குப் புரிய அத்தனை வருடம் ஆயிற்று.

முதலில் சும்மா தங்கவைப்பதை எடுத்துக்கொள்வோம். வேலை தேடி வந்த நண்பர், வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர், குடும்பத்தில் தகராறாகி ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். வாடகை இல்லை, வீட்டின் மீது அவருக்கு எந்த உரிமையும் எழுதித் தரவில்லை. 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டம் இதை வெறும் அனுமதியாகத்தான் பார்க்கிறது. வழக்கறிஞர்கள் லைசென்ஸ் என்பார்கள். கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். பெற்றால், தங்கியிருப்பவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு கிளம்ப நியாயமான அவகாசம் தர வேண்டும். அவர் போகாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அப்படிப் போடும்போது தாமதிக்கக் கூடாது. அனுமதியை ரத்து செய்த கையோடு வருகிற உரிமையாளருக்கு, வெளியேறும்படி கட்டளையிடும் உறுத்துக்கட்டளை வழக்கே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வந்தால் சுவாதீனம், அதாவது வீட்டைத் தம் கைவசம் திரும்பக் கேட்டு முழு வழக்கு நடத்தச் சொல்லலாம்.

இரண்டாவது, மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு வீட்டைத் தனியாக அவர் கையில் விட்டுவிடுவது. "வாடகைன்னு எல்லாம் இல்ல, ஏதோ அவரால முடிஞ்சதைக் கொடுக்கிறார்" என்று எத்தனை முறை சொன்னாலும் சரி, வீடு முழுக்க அவர் வசமிருந்து, மாதம் தவறாமல் ஒரு தொகை வந்துகொண்டிருந்தால், அதை வாடகை உறவாகத்தான் பெரும்பாலும் நீதிமன்றம் பார்க்கும். காகிதத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறோம் என்பதுகூட இதை மாற்றிவிடாது. 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. டெல்லி இம்பீரியல் ஓட்டலில் ஒரு சிகை அலங்காரக்காரர் சில அறைகளை எடுத்துத் தொழில் நடத்திவந்தார். ஆவணத்தில் லைசென்ஸ் என்றுதான் எழுதியிருந்தது. அறைகள் முழுக்க அவர் வசம் இருந்ததையும் மற்ற நிபந்தனைகளையும் பார்த்த நீதிமன்றம், இது குத்தகைதான் என்றது. இரு தரப்பும் உண்மையில் என்ன நினைத்து நடந்துகொண்டார்கள் என்பதே முக்கியம் என்ற அளவுகோல் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டு விஷயத்தில் மாமா சந்தேகமே இல்லாமல் வாடகைதாரர். "அவன் என் நண்பன்" என்ற அப்பாவின் சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் குடியிருக்கச் சொல்வது. ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்வார்கள், சென்னைப் பக்கம் லீஸ் என்கிறார்கள். நண்பர்களிடையே இது நிறைய நடக்கிறது. கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்படும் ஒருவர், வீடு தேவைப்படும் நண்பரிடம் மொத்தத் தொகை வாங்கிக்கொள்கிறார். கெடு முடிந்ததும் "வீட்டைக் காலி பண்ணு" என்கிறார், ஆனால் திருப்பித் தரப் பணம் கையில் இல்லை. இங்கே வெளியே போக மறுக்கிற நண்பர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அவர் அந்த வீட்டைவிட்டு இறங்கிவிட்டால் அவருடைய பணத்துக்கு என்ன பிடிமானம்? பணத்தைத் தயார் செய்யாமல் இந்த வகையில் யாரையும் வெளியே போகச் சொல்வது முறையல்ல என்றே நினைக்கிறேன்.

"12 வருஷம் இருந்தா வீடு அவனுக்கே" என்ற பயம்

எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அப்பாவைப் பயமுறுத்தியது இதை வைத்துத்தான். 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருடக் கணக்கு உண்மைதான். ஆனால் அது எதிரிடை அனுபோகத்துக்கு, அதாவது உரிமையாளருக்கு எதிராக, "இது என்னுடையது" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அனுபவிப்பதற்கு. நீங்கள் சாவியைக் கொடுத்து உள்ளே விட்டவர் உங்கள் அனுமதியில் இருப்பவர். அந்த அனுமதியில் எத்தனை வருடம் இருந்தாலும் அது சொந்தமாகிவிடாது.

2012-இல் உச்ச நீதிமன்றம் இதை மிகத் தெளிவாகச் சொன்னது. கோவாவில் ஒரு பெண் தன் சகோதரரைத் தன் வீட்டில் இருக்க விட்டிருந்தார். அவர் போக மறுத்து, வழக்கு பல வருடம் இழுத்து, டெல்லி வரை போயிற்று. இலவசமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர் ஆண்டுக்கணக்கில், பத்தாண்டுக்கணக்கில் இருந்தாலும் அந்தச் சொத்தில் எந்த உரிமையும் பெறமாட்டார் என்றது தீர்ப்பு. பராமரிப்பாளர், காவலாளி, வேலையாள் யாராக இருந்தாலும் இதேதான். வீட்டின் மீது உரிமை கோருகிறவர் தாம் எப்போது, எப்படி, எந்த அடிப்படையில் உள்ளே வந்தோம் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கேட்டது. எங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்ட அதே கேள்வி.

வாடகைதாரரோ அனுமதியில் தங்கியவரோ, தம்மை உள்ளே விட்டவரைப் பார்த்து "இது உன் வீடே இல்லை" என்று வாதாடவும் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. பழைய சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கிறது.

ஆதார், கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை எல்லாம் அந்த முகவரியில் வாங்கிவிட்டார், இனி வீடு போச்சு என்று பதறுகிறவர்களும் உண்டு. அவை அவர் அங்கே குடியிருந்ததைக் காட்டும். வீடு அவருடையது என்று காட்டாது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். "நானே கட்டிக்கிறேன்" என்று நண்பர் சொன்னாலும், ரசீது உங்கள் பெயரிலேயே வர வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

வாடகைக்கு விட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்ற பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவுகள் வந்தன. அவற்றின் வழியில் 1960-இல் தமிழ்நாட்டுக்கு விரிவான சட்டம் வந்தது. குடியிருப்பவரைக் காப்பதுதான் அதன் நோக்கம். அன்றைக்கு அது தேவையாகவும் இருந்தது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் இருக்கும் குடியிருப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அதில் ஒரு விலக்கு இருந்தது. அது பாரபட்சமானது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதன் பிறகு வசதியுள்ள வாடகைதாரருக்கும் அதே பாதுகாப்பு. அந்தக் காலத்து வழக்குகள் தலைமுறை தாண்டி ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு நமக்கு அறிவுரை சொல்கிற பெரியவர்கள்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் வருடச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் முதல் விதியே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். எழுதினால் மட்டும் போதாது, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். இணையதளம் வழியாகவே செய்யலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கத்தான் நாம் காலங்காலமாக 11 மாத ஒப்பந்தம் போட்டுவருகிறோம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறானது. 11 மாதத்துக்கு எழுதினாலும் இது வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தை நம்பி நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

சுவாதீனத்தைத் திரும்பப் பெறும் காரணங்கள் 21-ஆம் பிரிவில் வருகின்றன. இரண்டு மாத வாடகையைக் கட்டாமல், கேட்டு நோட்டீஸ் அனுப்பிய பிறகும் தராமல் இருப்பது ஒன்று. அனுமதியில்லாமல் வேறொருவரிடம் வீட்டை ஒப்படைப்பது, தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளருக்கே தேவைப்படுவது என்று மற்றவை. எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது அந்தப் பட்டியலின் முதல் காரணம்: எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியதே வெளியேற்றக் கேட்பதற்குக் காரணமாகும். வாய்ப்பேச்சில் வீட்டை விட்டவர்கள் "எங்களுக்கு வழியே இல்லையா?" என்று கேட்கும்போது, இருக்கிறது என்று சொல்ல வைப்பது இந்த விதிதான். இதை வாடகை நீதிமன்றத்தில் மனுவாகக் கொடுக்க வேண்டும். அதன் மேல் முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கு. கிராமத்து வீடாக இருந்தால் 1882-ஆம் வருடச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் வழியில் போக வேண்டும். மாத வாடகைக்கு 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, பிறகு உரிமையியல் நீதிமன்றம். அந்த 15 நாளில் ஒன்றிரண்டு நாள் குறைந்துபோனது என்ற ஒரே காரணத்துக்காக வழக்கே விழுந்துபோன காலம் இருந்தது. 2002 கடைசியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 15 நாள் கழிந்து வழக்குப் போட்டிருந்தால் நோட்டீஸில் உள்ள அந்தக் குறை பெரிதாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

கோபத்தில் செய்யக் கூடாதது

எங்கள் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். "ஃபியூஸைப் பிடுங்கிடு, தண்ணி மோட்டாரை நிறுத்து, தானா ஓடுவான்." இன்னொருவர், அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிடு என்றார். தெரிந்த நான்கு பேரை அனுப்பி "பேசிப் பார்க்க" முன்வந்தவரும் உண்டு. எல்லாரும் அப்பா மீது இருந்த பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் இவற்றில் எதையாவது செய்திருந்தால், நியாயம் எங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

மின்சாரம், தண்ணீர் போன்றவற்றை வாடகைதாரருக்கு நிறுத்துவதைப் புதிய சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் போனால், விசாரணைக்கு முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். பூட்டை உடைத்தோ மாற்றியோ வெளியேற்றினால் இன்னும் மோசம். 1963-ஆம் வருடக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. உரிமையாளரே ஆனாலும், நிலையாக அனுபவத்தில் இருப்பவரைச் சட்டப்படியல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. ஆள் வைத்து மிரட்டினால் அது கட்டப்பஞ்சாயத்து. குற்ற வழக்கு உங்கள் மீது பாயும்.

காவல் நிலையத்துக்குப் போகலாமே என்று தோன்றும். நாமே உள்ளே விட்டவர் வெளியே போகாமல் இருப்பதை உரிமையியல் விவகாரம் என்றுதான் காவலர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியும்கூட. மிரட்டல், பொருள் சேதம், போலி ஆவணம் என்று ஏதாவது இருந்தால் புகார் கொடுக்கலாம். வீட்டைக் காலி செய்து தருவது அவர்கள் வேலையல்ல.

செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள். எங்கள் வழக்கறிஞர் அப்பாவை உட்காரவைத்து, 2014 முதல் வந்த வாடகையை எல்லாம் வங்கிப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதவைத்தார். முதல் இரண்டு வருடம் கையில் கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதன் பிறகு வங்கிக்கும் ஜிபேயிலும் வந்தவைதான் காப்பாற்றின. மாமா வாட்ஸாப்பில் "இந்த மாச வாடகை அடுத்த வாரம் போடறேன்டா" என்று அனுப்பியிருந்த செய்திகளை அப்பா அழிக்காமல் வைத்திருந்தார். இது வாடகை உறவுதான் என்பதற்கு அவையே போதுமானவை என்றார் வழக்கறிஞர். இப்படிப்பட்ட மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதற்கான சான்றிதழும் சேர்க்க வேண்டும், போனை மாற்றாமல் வைத்திருங்கள் என்றார்.

இன்னொன்று எனக்குப் புதிதாக இருந்தது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகு பழையபடி "வாடகை" வாங்கிக்கொண்டிருந்தால், நோட்டீஸை நாமே கைவிட்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. நண்பர் திடீரென்று இரண்டு மாதப் பணத்தைப் போட்டுவிட்டு "இப்ப சரிதானே?" என்பார். மனம் இளகும். வாங்குவதானால், இது வீட்டைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடாக, எங்கள் உரிமைக்குக் குறைவின்றிப் பெறப்படுகிறது என்று எழுதி அனுப்பிவிட்டு வாங்க வேண்டும். கெடு தாண்டி இருப்பவர் அதிக வாடகை தர வேண்டிவரும் என்ற ஏற்பாடும் உண்டு. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு, அதன் பிறகு நான்கு மடங்கு என்கிறது. மாநிலங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய மாதிரிதான் அது. இருந்தாலும் சட்டம் எந்தத் திசையில் போகிறது என்பது அதில் தெரிகிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டை நண்பரிடம் விட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே உங்கள் சார்பில் வழக்கு நடத்த ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வீட்டில் குடியிருக்கும் அதே நண்பர் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை உடனே ரத்து செய்யுங்கள்.

அவர் ஏன் போகவில்லை

இதை நாங்கள் யோசிக்கவே வெகுநாள் ஆயிற்று. ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிட்ட பிறகு வேறு எதுவும் கண்ணில் படாது.

மாமா 4,000 ரூபாய்க்கு வந்தார். நண்பன் என்பதால் அப்பா ஏழு வருடமும் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. 2021-இல் அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 9,000, 10,000 கேட்டார்கள். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் பொதுவாகச் சொன்னாலும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் கூடுதலாக வாங்க அதே விதி இடம் விடுகிறது; எங்கள் பக்கம் அரை லட்சத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை. கொரோனாவில் அவருக்கு வருமானம் பாதியாகியிருந்தது. அப்பா பாசத்தில் ஏற்றாமல் விட்ட வாடகைதான் அவர் வெளியே போக முடியாதபடி பள்ளத்தை ஆழமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஐந்நூறு ஏற்றியிருந்தால் அவருக்கு ஊர் நிலவரம் தெரிந்திருக்கும், இரண்டு வருடம் முன்பே வேறு வீடு பார்த்திருப்பார்.

அதோடு வெட்கம். "என்னிடம் பணம் இல்லை" என்று நண்பனிடம் சொல்ல முடியாதவர் "பையன் படிப்பு" என்கிறார், "வரன்" என்கிறார். வாடகை தர முடியாத மாதத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போனை எடுக்காமல் விடுகிறார். நாம் அதைத் திமிர் என்று படிக்கிறோம். சிலர் உண்மையிலேயே அபகரிக்க நினைப்பவர்கள், அதை மறுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு உரிமை கோர ஆரம்பித்துவிடுவார்கள், ஆவணம் காட்டுவார்கள். மாமா ஒரு நாளும் அது தன் வீடு என்று சொன்னதில்லை. அந்த வேறுபாட்டை முதலிலேயே கவனித்திருந்தால் ஆறு மாதம் முன்பே முடித்திருப்போம்.

2022 ஜனவரியில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். பதில் வரவில்லை, ஆனால் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடும் முன் மக்கள் நீதிமன்றத்தில் ஒரு முறை முயலலாம் என்றார். 1987-ஆம் வருடச் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வழக்காகப் பதிவாகாத பிரச்சினையையும் அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடும் கிடையாது. ஒத்துக்கொண்டபடி நடக்காவிட்டால் நேரே நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனாவை வரவழைக்கலாம். வாடகைத் தகராறில் சமரசத்துக்கு எல்லாரும் ஒரு முறையாவது முயல வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சமரசம் என்றதும் பெரியவர்களை வைத்துப் பேசுவதைத்தான் நினைக்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பின்னால் எதுவும் இல்லை. இங்கே பேசியது எழுத்தில் நிற்கிறது.

மார்ச் மாதம் உட்கார்ந்தார்கள். நான் அப்பா அம்மாவோடு போயிருந்தேன். மாமாவின் மனைவி, எங்கள் அத்தையும் வந்திருந்தார்கள், அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டார்கள். எட்டு மாத பாக்கி 32,000. முன்பணம் 20,000-ஐக் கழித்தால் 12,000. அதை இரண்டு தவணையில் தருவதாக எழுதினார்கள். வீட்டை மே 31-க்குள் ஒப்படைக்க வேண்டும். அதுவரையான மாதங்களுக்கு 4,000 வீதம், வாடகை என்ற பெயரில் இல்லாமல் பயன்பாட்டுத் தொகையாக. இடையில் வேறு யாரையும் உள்ளே வைக்கக் கூடாது. மின்கட்டண பாக்கி அவருடையது. இவ்வளவுதான் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்தது. 2014-இல் மேஜைமேல் அவர் கேட்ட பேப்பர் இதில் பாதிகூட இருந்திருக்காது.

இப்போது யாராவது நண்பருக்கு வீடு விடப்போவதாகச் சொன்னால், அந்தப் பேப்பரில் இருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. வாடகை எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு ஏறும். வீடு தேவைப்பட்டால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், கல்வியாண்டு நடுவில் வந்தால் என்ன செய்வது. வங்கி வழியாக மட்டுமே பணம். நண்பர் வாடகை குறைத்துக் கேட்டால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உண்மையான வாடகை இவ்வளவு, இதில் இவ்வளவு தள்ளுபடி, இந்தத் தேதி வரை என்று எழுதிவிடுங்கள். பிறகு வாடகை அதிகாரியிடம் பதிவு. இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து இணையதளத்தில் ஏற்றிவிடலாம்.

மே 29 ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றும் வண்டி வந்தது. மீட்டர் அளவை நான் போனில் படம் எடுத்தேன். சுவரை, குழாயை, கதவுகளை எல்லாம் மாமாவே கூட நடந்து காட்டினார். சாவிகளைப் பெற்றுக்கொண்டதாக அப்பா எழுதிக் கையெழுத்திட்டார். நாங்கள் கொடுத்தது இரண்டு சாவி. கொத்தில் மூன்று இருந்தன. மூன்றாவது, பின்கட்டுக் கதவு பழுதானபோது அவர் சொந்தச் செலவில் போட்ட பூட்டுக்கு. அதன் விலை என்னவென்று அப்பா கேட்டார். "அதை விடுடா" என்று சொல்லிவிட்டு மாமா வண்டியில் ஏறினார்.